வெட்டு மாமா கையின் மேல் உட்கார்ந்த கதை

முதல் அறை விழுந்தபோது நான் செஸ் வகுப்பு நடக்கும் மாடிக்கு டீத் தூக்கோடு படியேறிக்கொண்டிருந்தேன். சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவதைக் கண்ணால் பார்த்தேன். பிள்ளையின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் மூலையில் கிடந்த மோட்டாரின் வலையோரம் விழுந்தது. மூக்கிலிருந்து சொட்டிய ரத்தத்தில் செஸ் பலகையின் வெள்ளைக் கட்டம் ஒன்று சிவந்துபோனது.

அடித்தவர் அவளைப் பெற்ற அப்பாதான். நசுங்கின காரைச் சுத்தியலால் தட்டி நேராக்கும் பட்டறை வைத்திருக்கிறார். டிங்கர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மகள் ஓர் ஆட்டத்தில் ராணியைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள், அவ்வளவுதான் விஷயம்.

“ராணியை இப்படித்தான் தூக்கிக் குடுப்பியா? இப்படித்தான் குடுப்பியா?” கேள்வி ஒன்றுதான். கேட்கும்போதெல்லாம் ஓர் அடி.

“விடுங்க, சின்னப் புள்ள,” என்றேன்.

“தகடு அடிச்சாத்தாம்மா நேராகும். நீங்க டீயை ஊத்துங்க,” என்றார், என்னிடம் மரியாதையாகவே.

எதிரே என் கொழுந்தன் நின்றான். அந்த வகுப்பை நடத்துகிறவன் அவன்தான். கையில் ஒரு குதிரைக் காயை வைத்திருந்தான். பிடித்த பிடியில் அதன் காது உடைந்து தரையில் விழுந்தது. அவன் வாயே திறக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அவன் கீழே இருக்கும் இறைச்சிக் கடையில் வெட்டுகிறவன். எலும்பு வெட்டி வெட்டி வலது முன்கை இடது கையைவிட ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். இளவயதில் மகா முன்கோபி. சந்தையில் ஒரு வாய்ச்சண்டையில் கத்தியின் பின்பக்கத்தால் ஒருவன் தாடையைப் பெயர்த்துவிட்டுச் சிறைக்குப் போனான். வரும்போது செஸ் கற்றுக்கொண்டு வந்தான். “உள்ள போனவன் என்னென்னவோ கத்துக்கிட்டு வருவான், இது தேவலை,” என்றார் என் வீட்டுக்காரர். நான் அவனைச் சாமி முன்னால் நிறுத்தினேன். இனி மனுஷன் மேல் கை வைக்க மாட்டேன் என்று என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான். கடை முதலாளி அதை நம்பித்தான் வேலை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி அறையைப் பிள்ளைகளுக்காகக் கேட்டபோது, “நீ ஒருத்தனைத் தொட்டேன்னு என் காதுல விழட்டும், அன்னைக்கே அறையைப் பூட்டிருவேன்,” என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

அந்த அறை ஓர் அறையே இல்லை. கடையின் குளிர்பெட்டிக்கு உண்டான மோட்டார் ஒரு மூலையில் வலைக்குள் கிடக்கும். அது ஓடத் தொடங்கினால் தரை நடுங்கும், பலகை நழுவிக் காய்கள் தாமாகவே நகர்ந்துவிடும். அதனால் ரெக்ஸின் பலகைகளை விரித்து நான்கு மூலையிலும் கடையின் எடைக்கற்களை வைத்திருப்பார்கள். எவ்வளவு கழுவினாலும் பச்சை இறைச்சி வாடை போகாது. பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது.

அவர்கள் அவனை வெட்டு மாமா என்பார்கள். கடையில் வெட்டுகிறான் என்பதற்காக வைத்த பெயர் இல்லை அது. பலகையில் எதிராளியின் காயைப் பார்த்துவிட்டால் அவன் கை நிற்காது, எடுத்து வெட்டிவிடும். அடுத்து என்ன வரும் என்று பார்க்கமாட்டான். பார்க்காததால் தோற்பான். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் பெரிய ஞானி. ஒரு காயை வெட்டத் தோன்றினால் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார வேண்டும், எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கையை எடுக்கலாம் என்பது அவன் வைத்த சட்டம். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த பிள்ளை எழுந்து நின்று, அந்த வழியை யாரிடம் கற்றேன் என்று சொல்லியாக வேண்டும். தலைக்கனம் வரக்கூடாதே, அதற்கு.

டிங்கர் அந்த வட்டாரத்திலேயே பெரிய ஆட்டக்காரர். மகளைக் கொண்டுவந்து விடும் சாக்கில் உட்கார்ந்து, என் கொழுந்தனை வாரம் தவறாமல் தோற்கடித்துவிட்டுப் போவார். “நீ ஆட்டை வெட்டுப்பா. ஆட்டம் எதுக்கு?” என்று எழுந்து போவார்.

மகளுக்கு ஒன்பது வயது. தடித்த கண்ணாடி. மற்றப் பிள்ளைகள் சோடாபுட்டி என்று கூப்பிட்டால் அதற்கும் என்ன என்று கேட்கும். அன்றைக்கு நான் என் முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டபோது, “பலகையையும் துடைங்க அத்தை, கறை ஆயிரும்,” என்றது.

என் கொழுந்தன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

“அண்ணே, ஒரு பந்தயம். உங்களை நான் ஒரு தடவை ஜெயிச்சுட்டா இந்தப் புள்ள மேல கை வைக்கக் கூடாது.”

டிங்கர் சிரித்த சிரிப்பில் மோட்டார் சத்தம் கேட்கவில்லை. “நீயா? சரி, ஜெயி. வாக்குக் குடுத்தாச்சு. என் தலை நரைக்கிறதுக்குள்ள ஜெயி.”

அன்றிலிருந்து அவன் வேறு மனுஷனாகிவிட்டான். கடை விட்டு வந்ததும் என் சமையலறைத் தரையில் பலகையை விரிப்பான். இரண்டு பக்கத்துக்கும் அவனே ஆடுவான். “அண்ணி, நீங்கதான் டிங்கர். இந்தச் சிப்பாயை வெட்டவா?” என்பான். எனக்கு யானைக்கும் குதிரைக்கும் மேல் ஒன்றும் தெரியாது. “முதல்ல கை மேல உக்காரு தம்பி,” என்பேன். பிள்ளைகளும் விடவில்லை. அவன் கை பலகைக்கு மேலே போனாலே, “மாமா, கை” என்று எல்லாரும் கத்துவார்கள். அந்தப் பெரிய உடம்பு பெஞ்சியில் கையை அடக்கி உட்கார்ந்து, முகம் சிவந்து, “அவன் யானையை இங்க கொண்டு வருவான்... அப்புறம்...” என்று முனகுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் ஆட்டம் தேறியது. பிள்ளைகளுக்குச் சொன்னதை முதல் தடவையாக அவனே செய்தான்.

ஒருநாள் சோடாபுட்டி அவன் பக்கத்தில் வந்து குசுகுசுவென்று சொன்னது எனக்கும் கேட்டது.

“மாமா, அப்பா ராணியைப் பார்த்தா குதிரையைப் பார்க்க மாட்டாரு.”

“அப்படின்னா?”

“ராணி வெட்டக் கிடைச்சா அவருக்கு வேற எதுவும் தெரியாது. வீட்டுல நான் பார்த்திருக்கேன்.”

“அப்ப நீயே ஜெயிச்சிருக்கலாமே.”

பிள்ளை அவனை ஏற இறங்கப் பார்த்தது. “ஜெயிச்சா மட்டும் விட்டுருவாரா?”

அவன் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நானும்தான்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டம் நடந்தது. டிங்கரின் ராஜா மூலையில் பத்திரமாக நின்றது. சுற்றிலும் அவருடைய ஆட்களே காவல். என் கொழுந்தன் வெகுநேரம் கையின் மேல் உட்கார்ந்திருந்தான். பிறகு தன் ராணியைத் தூக்கி, ராஜாவின் பக்கத்திலேயே போய் வைத்தான். பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள். டிங்கர் யோசிக்கவே இல்லை, யானையால் ராணியை வெட்டித் தூக்கினார். தூக்கின ராணியைக் கையில் உருட்டியபடியே சிரித்தார். இவனுடைய குதிரை, அந்தக் காது உடைந்த குதிரை, தாண்டி வந்து நின்றது. செக். ராஜா நகர ஓர் இடமில்லை, எல்லா இடத்திலும் சொந்த ஆட்களே அடைத்து நின்றார்கள்.

பிள்ளைகள் குதித்த குதியில் எடைக்கல் உருண்டது. வகுப்பின் வழக்கப்படி, ஜெயித்தவன் எழுந்து நின்றான். பழக்க தோஷம். கண் கலங்க, பெருமையாகச் சொன்னான்.

“இந்த வழியை எனக்குக் காட்டினது சோடாபுட்டி.”

டிங்கர் ராணியை மெதுவாகப் பலகையில் வைத்தார். மகளின் தோளில் கை போட்டுக் கீழே கூட்டிப்போனார். யார் பார்த்தாலும் பாசமான அப்பா என்றுதான் சொல்வார்கள்.

மறுநாள் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டாக முறிந்திருந்தது. “படியில விழுந்துட்டா,” என்றாள் அம்மாக்காரி, என்னைப் பார்க்காமல். மருந்து வாங்க அவள் வெளியே போனதும் பிள்ளை என் பக்கம் திரும்பியது.

“அத்தை, மாமாகிட்ட சொல்லாதீங்க. எந்தக் கையால காட்டிக் குடுத்தேன்னு அப்பா கேட்டாரு. கார் கதவுல வச்சு மூடிட்டாரு.”

எனக்குப் பின்னால் கதவருகே வந்து நின்ற என் கொழுந்தனை அது பார்க்கவில்லை. நான் திரும்பும்போது அங்கே யாருமில்லை.

எங்கே போயிருப்பான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் செருப்பு நழுவ நழுவ ஓடினேன். கடவுளே, கத்தியை எடுக்காமல் போயிருக்க வேண்டும் என்று அது ஒன்றைத்தான் வேண்டினேன். கத்தி எடுக்கவில்லை. பட்டறைக்குள் நான் நுழைந்தபோது டிங்கரைப் பிடரியில் பிடித்து மேசையோடு அழுத்தியிருந்தான். அவருடைய நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பட்டறை வேலையாட்கள் இரண்டு பேர் சுவரோடு ஒட்டி நின்றார்கள். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் டிங்கரின் வலது கையைச் செருகி, என் கொழுந்தன் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தான். விரல்கள் நீலமாகியிருந்தன. எலும்பு நெரியும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

“தம்பி,” என்றேன்.

டிங்கர் அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

“திருகு. நல்லாத் திருகு. சாயங்காலம் நான் வீட்டுக்குத்தான் போகணும். அவளுக்கு இன்னொரு கை இருக்கு.”

கைப்பிடி நின்றது.

என் கொழுந்தன் முகத்தை அப்போது பார்த்தேன். சமையலறைத் தரையில் எத்தனையோ தடவை பார்த்த முகம். இதை வெட்டினால் அவன் அடுத்து என்ன செய்வான் என்று தேடுகிற முகம். கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினான். வைஸ் வாய் விட்டது. இரண்டடி தள்ளிப் போய், கிரீஸ் தரையில், தெருவைப் பார்க்கத் திறந்திருந்த வாசலில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

டிங்கர் இடது கையால் சுத்தியலை எடுத்தார்.

முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது விலாவில். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன், உதறித் தள்ளினார், கார் கதவில் போய் விழுந்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. ஒரு கையை எடுத்துத் தடுத்திருக்கலாம். அந்தக் கையால் எருமைத் தொடையை ஒரே வெட்டில் பிளப்பவன். எடுக்கவில்லை. காதோடு சேர்த்து விழுந்த அடியில் பக்கவாட்டில் சாய்ந்தான். சாய்ந்தும் கை வெளியே வரவில்லை. அதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. கடைசியில் அந்த வேலையாட்கள்தான், இத்தனை வருஷம் தலை குனிந்து சம்பளம் வாங்கினவர்கள், டிங்கரின் மேல் பாய்ந்து சுத்தியலைப் பிடுங்கினார்கள்.

போலீஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் அம்மாக்காரியிடமும் கேட்டார்கள். அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

“இன்னைக்கு ராத்திரி அவர் வீட்டுக்கு வர மாட்டாருன்னு நிச்சயமாச் சொல்லுங்க. சொல்றேன்.”

“வர மாட்டார்மா. தெருவே பார்த்திருக்கு,” என்றார் போலீஸ்காரர்.

“படியில விழலை,” என்றாள். பிறகு அவள் நிறுத்தவே இல்லை. எழுதுகிறவர் இரண்டு முறை கையை உதறிக்கொண்டார்.

டிங்கர் சிறையில் இருக்கிறார். நான் தினமும் கும்பிடும்போது அவருக்காகவும் ஒரு வார்த்தை சொல்லப் பார்க்கிறேன், வாய் வரமாட்டேன் என்கிறது. என் கொழுந்தனுக்கு மூன்று விலா போனது, இடது காது கேட்காது. கட்டுப் போட்ட தலையோடு அவனே போலீஸிடம், “முதல்ல கை வச்சது நான்தான்,” என்று சொல்லிவிட்டான், அதற்கு ஒரு வழக்கு தனியாக நடக்கிறது. முதலாளி வந்து, “தொட்டியா?” என்று கேட்டார். “தொட்டேன்,” என்றான். வேலையை விட்டுவைத்தார், சாவியை வாங்கிக்கொண்டார்.

“சத்தியம் போச்சே அண்ணி,” என்று ஒருநாள் என்னிடம் சொன்னான்.

“பாதிதான் போச்சு,” என்றேன். “மீதியை நீ உக்காந்து காப்பாத்திட்ட.”

இப்போது வகுப்பு என் சமையலறையில். மோட்டார் இல்லை, எடைக்கல்லும் இல்லை. பலகையின் நான்கு மூலைக்கும் நான்கு வெங்காயம். சமைக்கும் நேரத்தில் ஒன்று குறையும், பிள்ளைகள் சத்தம் போடுவார்கள்.

சோடாபுட்டி மாவுக்கட்டோடு முதல் தடவை வந்த அன்று, அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். பிள்ளை என் கொழுந்தனின் வலது காதுப் பக்கமாக இடம் பார்த்து உட்கார்ந்தது. பாதி ஆட்டத்தில் அவனுடைய ராணி வெட்டுக்கு நின்றது. எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அது இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்தது. மாவுக்கட்டுக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் பலகைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தது.

“மாமா, ஒரு கை மேலதான் உக்கார முடியுது.”

“போதும். நான் அடுத்து என்ன செய்வேன், சொல்லு.”

சொன்னது. யானையை எங்கே கொண்டுவருவான், அதற்குத் தான் என்ன செய்வேன், எல்லாம் சரியாகச் சொன்னது.

“அப்ப வெட்டு.”

“கையை எடுக்க மாட்டேன்,” என்றது, மாவுக்கட்டைப் பார்த்தபடி. “நீங்க நகர்த்துங்க.”

அவன் அதனுடைய குதிரையை எடுத்தான். காது உடைந்த அதே குதிரை. எடுத்துத் தன் ராணியைத் தானே வெட்டி, பலகைக்கு வெளியே வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.