காலண்டர் அட்டை

கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பிரவுசிங் சென்டரில் இருந்த அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவில்லை. காதோரம் நரை, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. மலையிலிருந்து வந்த பெண்கள் சொல்லச் சொல்ல, ஒரு மருத்துவமனையின் பதிவுப் படிவத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தார். அனுப்பும் பட்டனை அழுத்துமுன் ஒவ்வொரு முறையும் திரையின் மேல் ஓரத்தைக் காலண்டர் அட்டையால் மறைத்தார்.

"எதுக்குங்க அட்டை?" என்றேன்.

"அழுத்துனதும் நாம எழுதுனது மொத்தமும் மேல அட்ரஸ் வரியில வந்து நிக்குதுங்க. பேரு, நோவு, எல்லாம். ஒரு பொண்ணுக்குக் கரு கலைஞ்சத பின்னாடி நின்ன ஆளு படிச்சிட்டான். அந்தப் பொண்ணு வூடு போய்ச் சேர்றதுக்குள்ள ஊரே பேசிக்கினு இருந்துச்சி."

அந்தப் படிவத்தை எழுதியவன் நான். விவரங்களை முகவரியில் ஒட்டாமல் உள்ளே வைத்து அனுப்ப, நிரலில் ஒரே ஒரு சொல் போதும். சோதிக்கும்போது விவரங்கள் கண்ணெதிரே தெரிந்தால் வசதி என்று அதைப் போடாமல் விட்டவன், பிறகு மறந்தே போனேன்.

அன்றே திருத்தினேன். மறுநாள் போனபோதும் அட்டை இருந்தது.

"இப்ப மேல ஒண்ணும் தெரியாதுங்க," என்றேன். எழுதியவன் நான் என்று சொல்ல வாய் வரவில்லை.

பட்டனை அழுத்திவிட்டு அட்டையை விலக்கிப் பார்த்தார். எதுவும் இல்லை. மறுபடி வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டுங்க. இத எழுதுனவன் இன்னும் எத்தினி ஃபாரம் எழுதி வச்சிருக்கானோ."

நான் மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன்.