பயத்துக்கு மல்லி

எங்கள் வீட்டு ரசத்தில் ஒருநாள் ரோஜா வாசனை வந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். தப்பு என்னுடையதல்ல. உபயோகமில்லாமல் கிடந்த பழைய அஞ்சறைப் பெட்டியை நான் அத்தர் வைக்க எடுத்துக்கொண்டேன். அதன் பக்கத்திலேயே புதுப் பெட்டியை வைத்து, மிளகு சீரகத்தில் வாசனை ஏற விட்டது அம்மாதான். இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

அப்போது சித்தூரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் வகுப்புக்கு வாத்தியாரம்மாவாக இருந்தேன். ஆந்திரா தனி ராஜ்யமான புதிது. சித்தூர் அவர்களுக்கா எங்களுக்கா என்று டீக்கடையில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கடைத்தெரு அத்தர் பாய் இந்த மாதம் என்ன கொண்டுவருவார் என்பதுதான் என் கவலை. பாய் தன் மரப்பெட்டியைத் திறந்து, கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு எடுத்து என் புறங்கையில் தொட்டு வைப்பார். உடனே மோந்து பார்த்தால் கோபித்துக்கொள்வார்.

“அவசரப்படாத பந்துலம்மா. அது கொஞ்சம் மூச்சு வுடட்டும்,” என்பார். பந்துலம்மா என்றால் தெலுங்கில் வாத்தியாரம்மா.

ஐந்து அறைக்கு ஐந்து புட்டி சேர்த்தேன். நல்லநாள் பெரியநாளுக்கு என்று சேர்க்கவில்லை. என் குணத்துக்கு என்று சேர்த்தேன். கோபம் வந்த நாளில் வெட்டிவேர். அது மண்டைச் சூட்டை இறக்கும். இறக்காவிட்டாலும், இன்றைக்கு இவளிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று தலைமை ஆசிரியைக்குத் தெரிந்துவிடும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் சந்தனம். நான் அடக்க ஒடுக்கமானவள் என்று அது எனக்காகப் பொய் சொல்லும். காரணமே இல்லாத சந்தோஷத்துக்கு மருக்கொழுந்து. பொறாமைக்கு ரோஜா. அது விலை கூடுதல் என்பதால் பொறாமையை அளந்துதான் பட்டேன். பயத்துக்கு மல்லி. மல்லி ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்தால், பக்கத்தில் யாரோ நிற்பதுபோல இருக்கும்.

அந்தக் காலத்தில் அத்தர் பூசும் பெண் என்றால் ஊர் ஒரு மாதிரிதான் பார்த்தது. ஆண்பிள்ளை காதுமடலில் அத்தர் பஞ்சு சொருகிக்கொண்டு போனால் ரசிகன். பெண்பிள்ளை பூசினால் கேள்வி. மூன்றாவதாக என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியெல்லாம் தின்றுவிட்டு, பெண் வாசனையாக இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினார்கள். அது பாராட்டு இல்லை என்பது நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, விளங்க ஒருநாள் ஆயிற்று.

நைனாவுக்கு மாங்காய் மண்டி. பங்காருபாளையத்திலிருந்து வண்டி வந்து நின்றால், காம்பு ஓரத்தை ஒருமுறை மோந்து பார்த்தே எது எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவார். என் மூக்கு அவர் கொடுத்த சொத்து. அதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

“இந்தத் தபா வர்ற எடமும் இந்த நாத்தத்தால போச்சின்னா, பொட்டியோட நீவா ஆத்துல கொட்டிருவேன். ஆமா,” என்றார்.

நைனா சொன்னால் செய்வார். என் ஐந்து புட்டியும் அந்த நாலாவது மாப்பிள்ளையின் கையில் இருந்தன. ஆளை நான் பார்த்ததுகூட இல்லை. திருத்தணியில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, தாய் தகப்பன் இல்லை, அத்தை வளர்த்த பிள்ளை என்று மட்டும் தெரியும். மொட்டை போடும் வேண்டுதலுக்காகத் திருமலைக்கு வருகிறார்கள், அங்கேயே சத்திரத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கோயிலில் தற்செயலாகச் சந்தித்தமாதிரி இருக்கும், வேண்டாமென்றாலும் யாருக்கும் முகத்தில் கரி இல்லை.

ஆனால் மலைக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே பூ எல்லாம் பெருமாளுக்கு. மேலே போகிற பெண் தலையில் ஒரு கதம்பத் துணுக்குகூட வைக்க மாட்டாள். அவன் மேலிருந்து களைந்த மாலையைக்கூட ஒருவரும் சூடாமல் கிணற்றில் போட்டுவிடுவார்கள். அதனால் பிள்ளை வீட்டார் பார்க்கப்போகிற பெண் வெறுந்தலையோடு வந்தாள் என்று யாரும் குறை சொல்ல முடியாது. பூச்செலவு மிச்சம் என்று அம்மாகூடச் சமாதானம் ஆகிவிட்டாள்.

அன்று காலை எனக்குப் பயம் வந்தது. மாப்பிள்ளையை நினைத்து அல்ல, ஆற்றை நினைத்து. நைனா கண்ணில் படாமல் பெட்டியைத் திறந்தேன். பூவைத்தானே சூடக் கூடாது, வாசனையை யார் தடுத்தார்கள் என்று எனக்கு நானே வக்கீலானேன். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு மல்லி. ஒரு சொட்டு போதவில்லை என்று இன்னொன்று. மலை பஸ் வளைவுக்கு வளைவு குலுக்கியதில் பயம் கூடி, முந்தானையில் முடிந்துவைத்திருந்த புட்டியிலிருந்து மூன்றாவது. அந்த மூன்றாவதுதான் குடி கெடுத்தது.

சத்திரத்து அறை சின்னது, ஜன்னல் ஒன்றுதான். மாப்பிள்ளை பாயில் உட்கார்ந்திருந்தார். புது மொட்டை, அதன்மேல் அப்பிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. சிரிப்பு வந்துவிடுமோ என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அவருடைய அத்தை முதலில் நைனாவைப் பிடித்தாள். “நாளிக்கி எல்லக் கோடு கீடு போட்டுட்டா, உங்க ஊரு எந்தப் பக்கம் போவும்?”

“எந்தப் பக்கம் போனா இன்னாம்மா, மாம்பழம் ரெண்டு பக்கமும் ஒரே ருசிதான்,” என்றார் நைனா.

அத்தை சிரிக்க வாயெடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். மூக்கு இரண்டுமுறை விடைத்தது.

“மல மேல எவ மல்லிப்பூ வெச்சிக்கினு வந்தவ?”

அத்தை எழுந்து என் பின்னால் வந்து பின்னலைத் தூக்கிப் பார்த்தாள். பூ இல்லை. “பூவக் காணோம். வாசன மட்டும் எங்கேர்ந்து வருது? சாமிக்கு ஆவாத காரியம் பண்ணிக்கினு ஒரு பொண்ணு எங்க வூட்டுக்கு வரக்கூடாது, சொல்லிட்டேன்.”

நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் நீவா ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு நான் கோழைதான், அதை மறைப்பதற்கில்லை.

“நான்தான் அத்தே,” என்றார் மாப்பிள்ளை.

அத்தை திரும்பினாள்.

“மொட்டை எரிஞ்சுது. கீழ கடையில மல்லி அத்தர் வாங்கியாந்தேன், அதத்தான் தடவிக்கினேன்.”

அத்தை அவர் தலைமேல் குனிந்து மோந்து பார்த்தாள். சந்தேகத்தோடு இன்னொருமுறை மோந்தாள். அறை முழுக்க மல்லி மணக்கும்போது எந்த மூக்குதான் இடம் பிரித்துச் சொல்லும்? பிள்ளை தலையில் ஒரு குட்டு வைத்தாள். விடியற்காலையில் அங்கப்பிரதட்சணம் செய்து பெருமாளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பதை அதன்பிறகு போகிறபோக்கில் சொன்னாள். மறுநாள் விடியற்காலையில் அந்த மனிதர் ஈர வேட்டியோடு கோயிலைச் சுற்றி உருண்டார், செய்யாத குற்றத்துக்கு.

பஸ்ஸில் மலை இறங்கும்போது நைனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடிவாரம் நெருங்கியதும், “அந்த மொட்டையில மல்லி வாசன இல்ல. நான் பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தேன்,” என்றார்.

நான் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“நேக்கா பொய் சொல்றான். குடும்பத்துக்கு ஆவும்,” என்றார்.

அஞ்சறைப் பெட்டி என் கல்யாணச் சீரோடு வண்டி ஏறியது. அத்தை அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். அன்று என்ன நடந்தது என்று அவளுக்கு அப்போதே புரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லவில்லை, பெரிய மனுஷி. சில வருஷம் கழித்து எல்லைக் கோடும் போட்டார்கள். திருத்தணி மதராஸுக்கு, சித்தூர் ஆந்திராவுக்கு. என் பிறந்தவீடு ஒரே நாளில் வெளிமாநிலமாயிற்று. அந்தத் துக்கத்துக்குப் பாயிடம் புட்டி இல்லை. வெட்டிவேரில் ரோஜாவைக் கலந்து பார்த்தேன், வீட்டில் மூன்று நாள் வாடை தாங்கவில்லை.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. கல்யாணமான புதிதில் ஒரு காலை, ஐந்து புட்டியையும் அவர் முன்னால் வரிசையாக வைத்து, எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பக்தியோடு மோந்து பார்த்தார். “நல்லா இருக்குது,” என்றார். வெட்டிவேருக்கும் அதே, ரோஜாவுக்கும் அதே. எனக்குச் சந்தேகம் தட்டியது. நாம்தான் குறும்புக்காரி ஆயிற்றே. சமையலறைக்குப் போய் கிருஷ்ணாயில் புட்டியின் தக்கையைக் கொண்டுவந்து கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே காட்டினேன்.

“இதுதான் ரொம்ப ஜோரு,” என்றார்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவர் அசடு வழிந்தார். சின்ன வயதில் வந்த விஷக் காய்ச்சலில் மூக்கு போய்விட்டதாம். மல்லியும் ஒன்றுதான், மாட்டுச் சாணமும் ஒன்றுதான். பெண் வீட்டுக்குச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று அத்தை அவர் வாயைக் கட்டி வைத்திருந்தாளாம்.

சிரித்து முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. “அப்போ மலையில? வாசனயே தெரியாம, நான்தான் பூசிக்கினு வந்தேன்னு உங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது?”

“வாசன எங்க தெரிஞ்சுது. அத்த கேட்டப்போ உன் மூஞ்சப் பாத்தேன். பயந்துகினு இருந்தே,” என்றார். சொல்லிவிட்டு ஆபீஸுக்கு நேரமாயிற்று என்று சட்டையைத் தேடப் போனார்.

நான் புட்டிகளை அறை அறையாகத் திரும்ப வைத்தேன். அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் வெட்டிவேர் எத்தனை முறை தீர்ந்து வாங்கினேன் என்பது அவருக்கே தெரியும். மல்லிப் புட்டி மட்டும் அன்றைக்கு இருந்த அளவிலேயே இன்னும் இருக்கிறது.