ஹாலில் காட்டிய காற்று

எஞ்சின் டியூனிங் கடைக்காரர் இந்த உலகத்தில் யாரையும் நம்பியதில்லை. புகைக்குழாய்க்குள் செருகும் கட்டைவிரல் அளவு ஆக்ஸிஜன் சென்சாரை மட்டும் நம்பினார். எஞ்சினில் பெட்ரோல் கூடுதலா, காற்று கூடுதலா என்று அது மீட்டரில் சொல்லும். அதன்படி அவர் பெட்ரோலைக் கூட்டுவார், குறைப்பார்.

சென்சாருக்கு ஒரு குணம் உண்டு. அவ்வப்போது அதைக் கழற்றி, சுத்தமான காற்றில் தொங்கவிட்டு, பொத்தானை அமுக்கி, 'இதுதாம்மா நல்ல காற்று' என்று அறிமுகம் செய்துவைக்க வேண்டும். சொந்த புத்தி கிடையாது. எதைக் காட்டினாலும் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். மனைவியிடம் அவர் எதிர்பார்த்ததும் அந்த ஒரு குணத்தைத்தான்.

கடையில் ஒரே புகை. ஆகவே மாடியிலிருக்கும் தன் வீட்டு ஹாலுக்குக் கொண்டுபோய்த்தான் காற்றுக் காட்டுவார். கீழே வண்டிகள் உறுமும். மேலே மனைவி இருமுவாள்.

"என்னங்க, புகை உள்ள வருது. மூச்சு விட முடியல. வேற வீடு பார்க்கலாங்க."

"எனக்கு வரலையே? எல்லாம் உன் மனப்பிரமை. ஜன்னலைச் சாத்து."

"டாக்டரும் புகைதான்னு சொல்றாரு."

"வாங்கின பீஸுக்கு அவரும் ஏதாவது சொல்லணுமில்ல?"

ஜன்னலைச் சாத்தினாள். இருமலைச் சாத்தத்தான் வழி தெரியவில்லை.

ஒருநாள் அவர் டியூன் செய்த பந்தயக் கார், பெட்ரோல் போதாமல் சூடேறி பிஸ்டன் உருகித் திரும்பி வந்தது. சொந்தக்காரன் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினான். கடைக்காரர், இதே தொழிலில் வேறு கடை நடத்தும் சகலையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கடைசியா எங்க காத்துக் காட்டினீங்க, சகலை?"

"வீட்டு ஹால்லதான்."

"கீழ புகை, மேல ஹாலு. நடுவுல படிக்கட்டு என்ன வடிகட்டியா?"

இருவரும் ஊருக்கு வெளியே மாமியார் வீட்டு மொட்டைமாடிக்குப் போய், சென்சாருக்கு உண்மையான காற்றைக் காட்டினார்கள். திரும்பி வந்ததும் கீழே ஒரு வண்டியை ஓடவிட்டு, குறும்புக்காரச் சகலை சென்சாரை ஹாலில் தொங்கவிட்டார். மீட்டரில் எண் இறங்கத் தொடங்கியது. மனைவி சுவரோரம் நின்று பார்த்தாள்.

"அட, இவ்வளவு மோசமா!" கடைக்காரர் பதறிப்போய் மனைவி பக்கம் திரும்பினார். "இனிமே ஒரு நிமிஷம்கூட இங்க வச்சிருக்கக் கூடாது. உங்க அம்மா வீட்டுக்குக் கொண்டுபோயிடணும்."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது. "எப்பங்க கிளம்பணும்?"

"நீ எதுக்கு? நான் சென்சாரைச் சொன்னேன்."

சகலை தரையைப் பார்த்தார். அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள். கோபம் தணிந்தால் தானே வந்துவிடுவாள் என்று கடைக்காரர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் மீட்டர் அவர் கடையில் இல்லை.

இப்போதெல்லாம் அவர் கை வைத்த வண்டி எதுவும் மக்கர் பண்ணுவதில்லை. காற்றுக் காட்ட மாமியார் வீட்டுக்குப் போனால், மனைவி தண்ணீர்ச் செம்பைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள்.

"இருமல் நின்னுடுச்சா?" என்று போன தடவை கேட்டார்.

"நின்னுடுச்சுங்க. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் கொஞ்சம் வருது. சட்டையில ஒட்டிக்கிட்டு வருதில்ல?"