கரும்பலகையில் ஏறிய வீடு

வாராவாரம் வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கேட்டின் இடுக்கில் யாரோ ஒரு தாளைச் செருகிவிட்டுப் போகிறார்கள். இனாம்தான். மொத்தம் நாலு பக்கம். எந்தத் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டது, எந்தக் கோயிலில் கும்பாபிஷேகம், யார் வீட்டுப் பெண் பரீட்சையில் முதலாவதாக வந்தாள் என்பதெல்லாம் முதல் பக்கத்தோடு முடிந்துவிடும். மற்ற மூன்று பக்கமும் வீடு. எந்த நகரில் விலை ஏறியது, எங்கே இறங்கியது, யார் விற்கிறார், ஏன் விற்கிறார். என் மருமகள் காப்பியை ஆறவிட்டுவிட்டு இதைத்தான் படிக்கிறாள். "மாமா, நம்ம தெரு மறுபடியும் ஏறியிருக்குது" என்று போன வாரம் சொன்னாள். ஏதோ அவளே தெருவைத் தோளில் தூக்கி மேலே வைத்துவிட்டது மாதிரி முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தேன். மை சரியாகக் காயவில்லை. மூக்கருகே வந்ததும் லேசாக ஒரு மண்ணெண்ணெய் நெடி. அந்த நெடி எனக்கு ஆகாது. போதாததற்கு, கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தது: "எங்கள் நிருபர் ஒவ்வொரு வீட்டையும் நேரில் பார்த்து எழுதியது." தாளை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டேன். "என்ன மாமா, கண்ணு தெரியலியா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வயதானால் இது ஒரு சௌகரியம்.

என் முதல் உத்தியோகத்தின் வாசனை மண்ணெண்ணெய். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வர ஆள் இருக்கலாம். அங்கே பஞ்சாயத்து போர்டு ஆபீசில் குமாஸ்தா. கலியாணச் சந்தையில் 'சர்க்கார் மாதிரி வேலை' என்று என் அப்பா சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மையில் நான் எலிக்குக் கணக்கப்பிள்ளை.

அது பிளேக் காலம். உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பிளேக் முதலில் எலிக்கு வரும். எலி செத்ததும் அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சி மனிதனைத் தேடி வரும். அதனால் ஒரு வீட்டில் எலி செத்துக் கிடந்தால், 'எலி விழுந்துவிட்டது' என்போம், அந்த வீட்டார் உடனே வெளியேற வேண்டும். ஊருக்கு வெளியே காட்டில் ஓலைக் கொட்டகை போட்டிருக்கும், அங்கே போய்க் கிடக்க வேண்டும். வீட்டுக்குள் வெயில் விழட்டும் என்று கூரை ஓட்டைப் பிரித்துப் பத்து நாள் போட்டுவிடுவார்கள். செத்த எலியைத் தகர டின்னில் போட்டு, பூச்சி சாக மண்ணெண்ணெய் ஊற்றி, என் மேசைக்கு நாலடி தள்ளி வைப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டை அந்த நெடியோடுதான் சாப்பிட்டேன். ருசி பழகிப்போய், வீட்டுச் சாப்பாட்டில் ஏதோ குறைகிறது என்று தோன்றும் அளவுக்கு ஆகிவிட்டது.

அப்போது சண்டைக் காலமும் கூட. காகிதத்துக்கு ஏகப் பஞ்சம். நோட்டீஸ் அடிக்க வழியில்லாமல், ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டி, எலி விழுந்த வீடுகளைத் தினமும் காலையில் சாக்கட்டியால் எழுதச் சொன்னார்கள். தெரு, வீட்டுக்காரர் பெயர், அவ்வளவுதான். ஊருக்கு அதுதான் செய்தித்தாள். ஜெர்மன்காரன் எதைப் பிடித்தான் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. பெண் கொடுக்க இருந்தவர்கள் ஆளனுப்பிப் பலகையைப் படித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடர்ந்தார்கள். வீட்டுத் தரகர் ஒருவர் எனக்கு முன்னாலேயே வந்து நிற்பார். "இன்னிக்கு நெலவரம் என்னங்க?" என்பார், நூல் விலை கேட்கிற மாதிரி. நான் பெயரை எழுதி முடிக்குமுன் அந்த வீட்டின் விலை பாதியாகிவிடும். ஐம்பது அடி தள்ளி இருக்கும் வீட்டுக்கும் கொஞ்சம் அடி விழும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நான் அங்கே இருந்த காலம் முழுவதும் ஒருவர்கூடத் தன் வீட்டில் எலி விழுந்ததாக வந்து சொன்னதில்லை. ஊரிலுள்ள எலியெல்லாம் பக்கத்து வீட்டில்தான் செத்தது. சுவருக்கு இந்தப்புறம் செத்த எலி, குச்சியின் உதவியால் அந்தப்புறம் போகும். அந்தப்புறத்துக்காரர் சும்மா இருப்பாரா, அதற்கு அடுத்த வீட்டுக்கு அனுப்புவார். தெருக்கோடி வரைக்கும் பிரயாணம் செய்த எலிகள் உண்டு. இதனால்தான் ரிஜிஸ்தரில் 'நேரில் பார்த்தது' என்று ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். யார் வந்து சொன்னாலும், குமாஸ்தா போய் எலி கிடக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பலகையில் எழுதலாம்.

ஐப்பசி மாதம். எலி டின் சுமக்கிற எங்கள் ஆள் மாறனுக்கு அக்குளில் நெறி கட்டி, மூன்றாம் நாள் போய்விட்டான். அதற்கு அடுத்த வாரம் கடலை மண்டிக்காரருடைய ஆள் ஒருவன், இடுக்கியில் பிடித்தபடி ஒரு எலியைக் கொண்டுவந்தான்.

"அர்த்தநாரி ஊட்டுல உளுந்து கெடந்துச்சுங்க."

அர்த்தநாரி நெசவாளி. மண்டியின் கிடங்குக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வீட்டில் எல்லோரும் சேந்தமங்கலத்தில் ஒரு கலியாணத்துக்குப் போய் இரண்டு நாளாகிறது என்பது எனக்கே தெரியும்.

"அவங்கதான் ஊர்ல இல்லியே?" என்றேன்.

"பொறக்கடைக் கதவு தெறந்து கெடந்துச்சுங்க. நாத்தம் தாங்கல. உள்ள போய்ப் பாத்தா இதுங்க. வாங்க, எடத்தக் காட்டறேன்."

மாறனின் அக்குள் என் கண் முன்னால் நின்றது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நீ பாத்தியல்ல, போதும்" என்றேன். அவன் ஒரு மாதிரி சிரித்தான். எலியை டின்னில் போட்டான். 'நேரில் பார்த்தது' கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். நல்ல கையெழுத்து என்று பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன் நான். வெளியே வந்து பலகையிலும் அதே அழகோடு எழுதினேன்.

மறுநாள் அர்த்தநாரி வந்தார். கலியாணத்தில் கொடுத்த தேங்காய் இன்னும் கையிலிருந்தது, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வழியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங்க, என்ற பேரு ஏறிருக்குதுங்களாமே? என்ற ஊட்டுல எலியே கெடையாதுங்க. பாவு நூலைக் கடிச்சுப்போடும்னு ரெண்டு பூனை வளத்தறனுங்க. ஊட்டைக் கூட்டாம எம் பொண்டாட்டி வெளியில காலெடுத்து வெக்க மாட்டா." தேங்காயைக் கை மாற்றிக்கொண்டார். "நீங்க நேர்ல பாத்தீங்களா சாமி?"

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவருக்கு நாற்பதுக்கு மேல். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"பாத்தேன்" என்றேன்.

"நீங்க பாத்திருந்தாச் செரிங்க" என்று போய்விட்டார். ஒரு சண்டை போட்டிருந்தால்கூட எனக்குப் பிற்பாடு கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவருக்கு வீடு என்றால் வெறும் வீடு இல்லை. நடுக்கூடத்தில் இரண்டு குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது. அதைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு தறியில் பட்டுச் சேலை பாதி நெய்தபடி நின்றது. மண் சுவர், மேலே நாட்டு ஓடு. ஐப்பசியில் அந்த ஓட்டைப் பிரித்தால் என்ன ஆகும் என்று பச்சைப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். "தறிக்கு மேல மட்டுமாச்சும் ஓட்டை வுட்டுருங்க" என்று கேட்டாராம். சட்டத்தில் தறி என்று ஒன்று எழுதியிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் மண்டிக்குப் பின்பக்கமாகப் போனேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. கடலைத் தொலி கொட்டும் குழியில், அன்றைக்கு எலி கொண்டுவந்த அதே ஆள் எலிகளைப் போட்டு மூடிக்கொண்டிருந்தான். ஏழோ எட்டோ இருக்கும். கிடங்குக்குள்ளிருந்து இன்னொருவன் மண்வெட்டியில் அள்ளிக்கொண்டு வந்தான். மண்டியின் பெயர் பலகையில் ஏறியிருந்தால் கிடங்கைக் காலி செய்யச் சொல்வார்கள், அந்தக் கடலையை எவன் வாங்குவான்? என்னைக் கண்டதும் குழியருகே இருந்தவன் நிமிர்ந்தான்.

"என்னங்க குமாஸ்தா, இந்தப் பக்கம்? பயமா இல்லீங்களா?"

அன்றைக்கே சானிடரி இன்ஸ்பெக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பட்டணத்துக்காரர், சட்டையில் கசங்கல் இருக்காது. "அர்த்தநாரி பேரை அழிச்சிடலாமா சார்? ஓடு பிரிக்கறதுக்குள்ள?" என்றேன்.

ரிஜிஸ்தரைத் திருப்பினார். அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். "இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"அப்ப நீ பாத்திருக்கே. பாக்கலேன்னு எழுதிக் குடு, இப்பவே அழிச்சிடலாம். நாளைலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. அம்மாவின் மருந்து, தங்கையின் கலியாணம் என்று காரணங்களை அடுக்க எனக்கும் தெரியும். நாற்பது வருஷமாக அடுக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எதுவும் நிற்கவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஓட்டைப் பிரித்த மூன்றாம் நாள் மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. தறிக்குழி இரண்டும் நிரம்பி, பாதிச் சேலை பாவோடு நனைந்து நாறிப்போயிற்று. தெருப்பக்கத்துச் சுவர் அப்படியே உட்கார்ந்தது. தரகர் காட்டுக் கொட்டகைக்கே போய்விட்டார். "இடிஞ்ச ஊடு, அதுலயும் எலி உளுந்த ஊடு, இதுக்கு மேல எவன் குடுப்பான்?" என்றாராம். வாங்கியவர் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிடங்கைப் பெரிதாக்க அவருக்கு இடம் வேண்டியிருந்தது.

பத்திரம் பதிந்த அன்றைக்கு இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். "அந்த அர்த்தநாரி வீட்டை அழிச்சிடுப்பா. சுத்தமாயிடுச்சு." வீட்டுக்காரர் மாறியதும் வீடு சுத்தமாகிவிட்டது. நானும் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய்த் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. தறிக் கட்டைகள், பாத்திரம், மேலே மனைவி அங்காயி, மடியில் ஒரு பூனை. அயோத்தியாப்பட்டணத்தில் யாரோ ஒருவர் வீட்டில் கூலிக்கு நெய்யப் போகிறார்கள். அர்த்தநாரி இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"அழிச்சுப்போட்டீங்களா சாமி? நல்லா இருப்பீங்க. பேரு ஏறினபடியே கெடக்குமோன்னு பயந்துட்டே இருந்தனுங்க."

அந்த வாழ்த்து பலித்தது. வேலை நிரந்தரமாயிற்று. பிரமோஷன் வந்தது. இன்றைக்கு ஏறிக்கொண்டிருக்கிற தெருவில் மாடி வீடு.

நாலைந்து வருஷம் கழித்து ராசிபுரம் பஸ் நிலையத்தில் அங்காயியைப் பார்த்தேன். அப்போதெல்லாம் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில்தான் பஸ் ஓடியது. பின்னால் இருக்கும் கரி அடுப்பை ஒரு ஆள் சக்கரம் சுற்றி ஊதிக்கொண்டே இருப்பான், வண்டி கிளம்ப அரை மணியாகும். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். அந்த அம்மாள் விடவில்லை.

"நீங்க போர்டாபீசு குமாஸ்தாதானுங்களே? சௌக்கியமா சாமி?" என்று பக்கத்தில் வந்து நின்றார். நெற்றியில் பொட்டு இல்லை. "அவரு போய் வருசம் ஒண்ணாச்சுங்க. நெஞ்சுச் சளி." பிறகு, வெகு நாளாக வைத்திருந்ததைக் கேட்கிறவர் மாதிரி மெல்லக் கேட்டார். "ஒண்ணு கேக்கோணுமுங்க. எலி எங்க உளுந்துச்சு, எங்க உளுந்துச்சுன்னு சாகற மட்டும் அதே பேச்சுங்க அவருக்கு. பூனையை மீறி எப்படி வந்துச்சுன்னு கேப்பாரு. நீங்கதான் நேர்ல பாத்தவரு. எந்த மூலையில கெடந்துச்சுங்க?"

இரண்டாவது முறையாக எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. இப்போது வேலை போகாது. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயாயிற்று. கேட்பவர் ஒரு விதவை, சுற்றிலும் கரிப்புகை. உண்மையைச் சொல்ல இதைவிட எளிய இடம் எனக்கு வாய்க்கப் போவதில்லை.

"தறிக்குழிக்குள்ள" என்றேன்.

"அப்படீங்களா" என்றார். "கலியாணத்துக்குப் போற அவசரத்துல நான் கூட்டாம வுட்ட எடம் அது ஒண்ணுதானுங்க."

பஸ் கிளம்பிற்று. அவர் ஏறிப் போனார். நான் ஏறவில்லை.

அந்தக் கரும்பலகை எப்போதோ விறகாகியிருக்கும். பிளேக் போய்விட்டது, கரி பஸ் போய்விட்டது. பென்ஷன் காகிதத்துக்காக அந்த ஊருக்கு ஒருமுறை போனபோது பழைய ரிஜிஸ்தரைக் கேட்டேன், எரித்து வெகு நாளாகிறது என்றார்கள். கிடங்கையும் இடித்துவிட்டார்கள். தறிக்குழிகள் இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கடைகள். என் கையெழுத்துக்குச் சாட்சியாக உலகத்தில் இப்போது எதுவும் இல்லை.

மருமகள் அந்தத் தாளை மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறாள், நம் வீட்டை விற்கிறபோது உதவுமாம். உங்கள் வீட்டில் எலி விழவே இல்லை அம்மா, நான் வந்து பார்க்கவும் இல்லை என்று இப்போது என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். கேட்க வேண்டியவர்கள்தான் ஒருவரும் இல்லை.