செல்லுக்கு லெதர் போட்டவள்

தாவரச் செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு நான் ஆங்கிலத்தில் எழுதிய பெயர் 'லெதர்'. தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்களே, அதற்கு அன்றைக்கும் நான் தயாராக இல்லை, இன்றைக்கும் இல்லை.

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குத் தாராவியில் ஒரு தோல் கிடங்கில் உப்புப் போடும் வேலை. கசாப்புக் கூடத்திலிருந்து வரும் ஈரத் தோலை விரித்து, கல்லுப்பை அள்ளி வீசித் தேய்த்து அடுக்க வேண்டும். எங்கள் தமிழில் மனுஷன் மேலே இருப்பதும் தோல், மாட்டின் மேலே இருப்பதும் தோல், செருப்பில் இருப்பதும் தோல்தான். அந்தத் தோலுக்கு எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்திருந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை லெதர். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு மாட்டுங்காவில் ஒரு காலேஜில் முதல் வருட சயின்ஸில் சேர்ந்தவள் நான். 'சவ்வு' என்பது தெரியும். அதற்கு இங்கிலீஷில் என்ன என்று பிராக்டிகல் வகுப்பின் அவசரத்தில் தோன்றவில்லை. செல்லுக்கு மேலே இருப்பதால் தோல், தோல் என்றால் லெதர். நானாக மொழிபெயர்த்துப் படத்துக்குக் கீழே அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

பிராக்டிகல் வகுப்பை நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வகுப்பில் இங்கிலீஷ்தான் பேசுவார். திட்டுவதற்கு மட்டும் தமிழை வைத்திருந்தார். என் ஜர்னலை, பிராக்டிகல் நோட்டுக்கு அங்கே அதுதான் பெயர், தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் படித்துக் காட்டினார்.

"என்னம்மா இது, செல்லுக்கு லெதர் போட்டிருக்கே. செருப்பு தைக்கறதா உத்தேசமா?"

தமிழ் தெரிந்தவர்கள் உடனே சிரித்தார்கள். தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் விளக்கிச் சொல்ல, அவர்கள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள். இரண்டு தடவை சிரிப்பு வாங்கிய தப்பு அது.

சிரிப்போடு போயிருந்தால் மறந்திருப்பேன். ஜர்னலின் முதல் பக்கத்தில் ஒரு சான்றிதழ் அச்சடித்திருக்கும். அதில் அவர் கையெழுத்து இல்லாவிட்டால் பிராக்டிகல் பரீட்சைக்கு உட்கார முடியாது, வருஷமே போய்விடும். பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. மற்ற ஜர்னல்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் என்னுடையதை மட்டும் திருப்பித் தள்ளினார்.

"முதல்லேர்ந்து பண்ணிண்டு வா. அதுக்கு முன்னாடி ஒனக்கு சயின்ஸ் தேவையான்னு யோசி. ஆர்ட்ஸுக்கு மாத்திண்டு போறதுல ஒண்ணும் தப்பில்லே."

அப்பாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பயந்துபோனார்.

"ஒரு வார்த்தைய அடிச்சுட்டு வேற வார்த்தை எழுதுனா போச்சுல்லா? சாரு கால்ல விழுந்தாவது கையெழுத்த வாங்கிருட்டி. காலிபீலி, வீணா எதுக்கு வம்பு?"

"வார்த்தைய மாத்துவேன். கால்லலாம் விழ மாட்டேன்" என்றேன். அப்பாவிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கை கழுவப் போய்விட்டார். உப்பு அறுத்த கை, தண்ணீர் பட்டால் எரியும். அதைப் பார்த்தபோது எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது, டெமான்ஸ்ட்ரேட்டர் மேல் அதைவிடப் பெரிய கோபம் வந்தது.

மறுநாள் லேபில் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் ரியோ செடியின் இலை. அதன் அடித்தோலை மெல்லியதாக உரித்துத் தண்ணீரில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பெட்டி பெட்டியாகச் செல்கள் தெரியும். ஒவ்வொரு பெட்டியிலும் சுவரை ஒட்டி மெல்லிய பை, பை நிறைய ஊதா. உப்புத் தண்ணீர் விட்டால் பைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறிவிடும். பெட்டி அப்படியே இருக்க, பை மட்டும் சுவரை விட்டுச் சுருங்கும். மறுபடி நல்ல தண்ணீர் விட்டால் பை பழையபடி உப்பிக்கொள்ளும்.

இதிலே எனக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. உப்புப் போட்டால் தோல் தண்ணீரைக் கக்கும், ஊறவைத்தால் திரும்பக் குடிக்கும், அப்பாவின் கிடங்குப் பக்கம் தினமும் பார்க்கிறதுதானே. பின்னே லெதர் என்றால் என்ன தப்பு? வீம்புக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன். யோசித்தால் தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. தோலில் தண்ணீர் வெளியே வருவதோடு நிற்காது, உப்பும் உள்ளே ஏறிவிடும். ஊறவைக்கும் தொட்டியில் மூன்று நான்கு தடவை தண்ணீர் மாற்றினால்தான் அது போகும், தண்ணீரும் சிவந்துவிடும். இங்கே ஊதா ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. உப்பு உள்ளே ஏறியிருந்தால் பை அப்படிச் சுருங்கியே இருக்காது. தண்ணீருக்கு வழி உண்டு, மற்றதற்குக் கிடையாது. மாடு செத்துவிட்டது, இலை சாகவில்லை. அதுதான் வித்தியாசமா?

அப்படியானால் இலையைக் கொன்று பார்ப்போம் என்று ஒரு துண்டைச் சோதனைக் குழாயில் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்தேன். தண்ணீர் ஊதாவாகிவிட்டது. வெந்த இலையை உரித்து உப்புத் தண்ணீர் விட்டேன். ஒரு பையும் சுருங்கவில்லை. சுருங்க அங்கே பையே இல்லை. இரண்டு ஸ்லைடையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

ஜர்னலில் லெதரைக் கோடு போட்டு அடித்து, புத்தகத்தில் பார்த்து 'மெம்பிரேன்' என்று எழுதினேன். அடுத்த பக்கத்தில் கொதிக்கவைத்ததை எழுதி, படமும் போட்டு, மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

"லெதர் இல்லேன்னு இப்பவாவது புரிஞ்சுதா?" என்றார்.

"வெந்தது லெதர் சார். வேகாததுதான் சவ்வு."

நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். "இது சிலபஸ்ல இல்லியே. யார் சொல்லிக்குடுத்தா?"

"யாரும் இல்ல சார். நானாத்தான் செஞ்சேன்."

"ஒனக்கா இது தோணித்தாக்கும்." சிவப்பு மைப் பேனாவை உதறினார். "இந்தப் பக்கத்தைக் கிழிச்சுடு. கையெழுத்துப் போடறேன்."

அவ்வளவுதான் கேட்டார். ஒரு தாள். கிழித்தால் வருஷம் தப்பிக்கும், அப்பா நிம்மதியாகத் தூங்குவார். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

"கிழிக்க மாட்டேன் சார். தப்பா இருந்தா தப்புன்னு எழுதுங்க. மைக்ராஸ்கோப்புல ரெண்டும் வச்சிருக்கேன், பாத்துட்டு எழுதுங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். ஸ்லைடை மாற்றிப் பார்த்தார். திரும்ப வந்து உட்கார்ந்து அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை. முதல் பக்கத்துக்குப் போய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, ஜர்னலை என் பக்கம் தள்ளினார்.

நான் எடுத்துக்கொண்டு போகவில்லை. அவர் முன்னாலேயே நின்று, கையெழுத்துக்கு மேலே அச்சடித்திருந்ததை என் தாராவி இங்கிலீஷில், பக்கத்து மேஜைக்கும் கேட்கும்படி, வார்த்தை வார்த்தையாகப் படித்தேன். இந்த ஜர்னலில் உள்ள சோதனைகள் அனைத்தையும் இந்த மாணவி தானே செய்தார் என்று சான்றளிக்கிறேன்.