கல்லுப்பல்லின் வயது

பழைய பல்லின் வயதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை என்று யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. நம் வெயிலிலும் மழையிலும் எலும்பின் சத்தெல்லாம் கரைந்துபோய்விடும். அதனால் கரியை வைத்து வயதைக் கணக்கிடும் முறை இங்கே கைகொடுக்காது. மிஞ்சுவது பல்லின் எனாமல்தான். சுற்றியிருக்கும் மண்ணின் கதிர்வீச்சை அது காலமெல்லாம் வாங்கிச் சேர்த்து வைத்திருக்கும். அதை அளந்துதான் வயது சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சி மாணவனாகக் கல்வராயன் மலையில் நாயாக அலைந்தும் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பல். சாமை விதைக்கும் ஒருவர் வீட்டில் இருந்தது. அவருடைய அப்பா ஓடைக்கரையை வெட்டும்போது எடுத்ததாம். ஏதோ காட்டுமாட்டின் பல், கல்லாகவே மாறியிருந்தது. அதற்கு வயது தெரிந்தால் என் ஆய்வேடு முடியும், வேலைக்கு மனுப் போடலாம். இல்லாவிட்டால் அத்தனை வருட உழைப்பும் வீண். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒட்டியிருந்த மண் போயிருக்கக் கூடாதே என்று, கழுவினீர்களா எனக் கேட்டேன். தண்ணீரே காட்டவில்லை என்றார். பல் கிடந்த இடத்து மண்ணையும் அள்ளிக்கொண்டு கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறினேன்.

பரிசோதனைக்கூடத்தில் ஒரு துணுக்கு போதும் என்றார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. இன்னும் கொஞ்சம் அரைத்தார்கள். ஒருமுறை போன வருடம் செத்த மாடுபோல வந்தது, இன்னொரு முறை நம்பவே முடியாத வயது வந்தது. நான் மாதக்கணக்கில் போன் பூத்தில் தவம் கிடந்தேன். கடைசியில், இது நெருப்பில் சுட்ட பல், சேர்த்து வைத்திருந்த கதிர்வீச்செல்லாம் சூட்டில் குழம்பிப்போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

கொதித்துக்கொண்டு மலையேறினேன். அவர் தொழுவத்தில் நின்றிருந்தார். பல்லை நெருப்பில் போட்டீர்களா என்றேன்.

“ஆமாங்க சார். மாட்டுக்குத் தாட வீங்கினா கல்லுப்பல்ல தணல்ல காய வெச்சி ஒத்தி எடுப்போம். எங்கப்பா காலத்துலருந்து அதாங்க வைத்தியம்.”

தண்ணீர் பட்டால் பல்லின் குணம் போய்விடுமாம், அதனால்தான் கழுவவில்லையாம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஊர் மாட்டுத் தாடைக்கெல்லாம் சூடு வைத்த பல்லைத்தான் நான் குழந்தைபோல மடியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறேன்.

அவர் பக்கத்தில் உழவு மாடு தீவனத்தைத் தொடாமல் நின்றது. தாடை வீங்கியிருந்தது. பல்லைக் கொண்டுவந்தீர்களா என்று கையை நீட்டினார். அரைத்துவிட்டார்கள் என்றேன். முழுசுமா என்று கேட்டார். முழுசும்தான் என்றேன்.

நீட்டிய கையால் மாட்டின் தாடையைத் தடவிக் கொடுத்தார்.

“சரி, எத்தினி வருசத்துப் பல்லுனாவது தெரிஞ்சிச்சிங்களா?”

தெரியவில்லை என்றேன்.

“அப்ப இன்னாத்துக்குங்க அரச்சாங்க?”