சூடு தெரியாத கை

கொதிக்கும் காப்பியை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால், டபரா கேட்காமல், துணி சுற்றாமல், வெறும் விரல்களால் பிடித்துக் குடிப்பார் என் மாமா. அம்மாவின் தம்பி. மார்டள்ளியில் மக்காச்சோளக் காடு வைத்திருந்தார். மைசூரில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இந்த வித்தையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பேன். வகுப்பில் இதைச் சொல்லியே எனக்கு நல்ல மதிப்பு. நானும் பழகப் போய் இரண்டு டம்ளர்கள் கீழே விழுந்து நசுங்கின.

அப்பாவுக்கு மைசூர் ஹெப்பாளில் ஃபேக்டரி வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. தசரா வந்தால் குவார்ட்டர்ஸில் தோட்டப் போட்டி நடக்கும். நர்ஸாக இருந்த அம்மா, டூட்டி முடிந்து வந்த கையோடு டேலியாப் பாத்தியில் உட்கார்ந்து அருகம்புல்லைப் பிடுங்குவாள். அதுவும் சளைக்காமல் வளரும். மூன்று வருடமாக எதிர்வீட்டுக்குத்தான் முதல் பரிசு. அந்த வருடம், தொண்ணூற்றைந்தோ ஆறோ, எங்கள் மொட்டுகளைப் பார்த்து எதிர்வீட்டம்மாவுக்கே முகம் சுருங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமா ஒரு கேனில் களைமருந்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். “அக்கா, பயிர் எது, களை எதுன்னு இதுக்கே தெரியும். இனி நீ குனியவே வேண்டாம்,” என்றார். போட்டி முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அம்மா டூட்டிக்குப் போனாள். அக்கா திரும்பி வருவதற்குள் ஆச்சரியப்படுத்திவிட வேண்டும் என்று மாமா முடிவு செய்தார். எனக்கும் அதில் முழுச் சம்மதம்.

பக்கெட் தண்ணீரில் மருந்தை ஊற்றி, முழங்கை வரை விட்டுக் கலக்கினார். கை இருக்கும்போது கோல் எதற்கு என்பது அவர் கட்சி. நானும் கையை விடப் போனேன். என்னை அதுவரை அதட்டிக்கூடப் பேசாதவர், பட்டென்று தட்டிவிட்டார். “அம்முணி, நீ தொடாத. என் கைக்குப் பழகிப்போச்சு.” எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பூவாளியால் பாத்தி முழுக்க அவரே ஊற்றினார்.

நான்காம் நாள் டேலியாத் தண்டுகள் முறுக்குப் பிழிந்த மாதிரி சுருண்டு கிடந்தன. அருகம்புல் மட்டும் ஜம்மென்று நின்றது. மாமா பொய் சொல்லவில்லை. அந்த மருந்து புல் வகையைத் தொடாது, அகல இலையைத்தான் கொல்லும். மக்காச்சோளமும் ஒரு புல்தான் என்பதால் அவர் காட்டில் அது பயிரைக் காத்தது. எங்கள் பாத்தியில் களைதான் புல். புல்லுக்கென்று ஒரு பரிசு இருந்தால் நமக்குத்தான் என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

மாமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் அப்போதுதான் ஊற்றிய காப்பி, குடிக்கவில்லை. அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் எப்படிக் கலந்தாய் என்று மட்டும் கேட்டாள். மாமாவை முந்திக்கொண்டு நானே முழங்கை வரை தொட்டுக் காட்டி விளக்கினேன், கொஞ்சம் பெருமையோடுதான்.

அம்மா அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். வாங்கிய வேகத்தில் சூடு தாங்காமல் கீழே வைத்துவிட்டு விரல்களை உதறினாள். பிறகு முந்தானையிலிருந்து ஊக்கைக் கழற்றி, மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“தெரியுதா?”

“குத்தினா சொல்றேன் அக்கா,” என்றார் மாமா. அம்மா அதற்குள் ஐந்தாவது விரலுக்கு வந்திருந்தாள்.

இப்படி ஒரு விளையாட்டை எனக்குச் சொல்லித் தரவே இல்லையே என்று நானும் கண்ணை மூடிக் கையை நீட்டினேன். ஊக்கு பட்டதும் வீடே அதிரக் கத்தினேன். அம்மா என்னை இழுத்து இறுக அணைத்துக்கொண்டு அழுதாள். டேலியாவுக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். நானும் அழுதேன். எனக்கு வேறு துக்கம். மாமா ஐந்து விரலுக்கும் அசையாமல் இருந்தார், நான் ஒரே குத்தில் தோற்றுவிட்டேன்.